ஞானத்தகப்பனிடம் வாங்காத வட்டி

“பிள்ளை, நான் ஒருத்தனுக்குக் குடுத்த காசு என்ரை காசோ, அவன்ரை காசோ?”

சூசைதாசன் அங்கிள் இதைக் கேட்டபோது நான் பதினோராம் வகுப்பில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல புள்ளியும் எடுத்துக்கொண்டிருந்தேன். என்றாலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் குடியிருப்பவர். கனடாவில், வெக்ஸ்போர்ட் என்கிற பகுதியில், எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பேஸ்மென்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை அங்கிள் படியேறி வருவார். வாடகைக் காசை, கோயிலில் காணிக்கை போடத் தரும் சிறிய உறைக்குள் வைத்துத் தருவார். அம்மா அதைக் கண்டு ஒவ்வொரு முறையும் சிரிப்பார். “எங்களை அந்தோனியார் ஆக்கிப்போட்டியள்” என்பார்.

1994 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் குசினியில், சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பாடம், கடன் நோட்டுகள். ஒருவர் இன்னொருவருக்குக் காசு கொடுத்து, “இவ்வளவு தருவேன்” என்று எழுதிய நோட்டை வாங்கி வைத்தால் அதைப் புத்தகத்தில் எப்படிப் பதிவது என்பதுதான் விஷயம். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்த அப்பா அதற்கு ‘வருமதி’ என்று பெயர் சொன்னார். வர வேண்டியது. அங்கிள் உறையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்று பார்த்தார். நான் விளக்கினேன். கையில் இருந்த காசு குறைகிறது, அதே அளவுக்கு வருமதி கூடுகிறது. இரண்டுமே சொத்து. ஆகவே மொத்தச் சொத்து மாறாது.

“அப்ப எனக்கு ஒண்டும் குறையேல்லை” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கீழே போய், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்தார்.

அது அவருடைய வருமதி. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மூன்று வரி. கிளிபோட் என்பவர் சூசைதாசனுக்குப் பதினைந்தாயிரம் டொலர், கேட்டவுடன் தருவார். திகதி 1990 ஓகஸ்ட். வட்டி பற்றி ஒரு சொல்லும் இல்லை. கீழே ராணியின் தலை போட்ட தபால் முத்திரை ஒன்றை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கியிருந்தார். ஊரில் அவருடைய தகப்பன் முத்திரை ஒட்டாத நோட்டைக் கையால் தொட மாட்டாராம். கனடாவில் அதற்குத் தேவையே இல்லை என்று நான் சொன்னேன்.

“இருந்தா என்ன, பாரமா கிடக்கும்” என்றார்.

அங்கிளின் ஊர் பேசாலை. கிளிபோட்டும் அதே ஊர், இருவருக்கும் ஒரே வயது. எண்பத்தாறில் அடுத்தடுத்துக் கனடாவுக்கு வந்து, நகரத்தின் மறுபக்கம் பார்க்டேலில் ஒரே அறையில் ஆறு பேருடன் இருந்தார்கள். இரண்டு பேரும் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். குளிர் சப்பாத்து ஒரு சோடிதான் இருந்தது. பகல் வேலைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு போவார், திரும்பி வந்ததும் இரவு வேலைக்காரர் அதே சூட்டோடு போட்டுக்கொண்டு போவார். பிறகு அங்கிளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நிரந்தர வேலை கிடைத்தது. அவருடைய மனைவி றோசலின் அன்ரி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மகள் றெபேக்கா பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குக் கிளிபோட்தான் ஞானத்தகப்பன். அதாவது, பெற்றவர்கள் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று பீடத்தின் முன்னால் நின்று சொன்னவர்.

அடுத்த வருடம் கிளிபோட் பார்க்டேலில் ஒரு பலசரக்குக் கடை வாங்கப் போனார். காசு போதவில்லை. அங்கிள் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் வங்கிகள் என்ன வட்டி கொடுத்தன என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐந்து வருட வைப்புக்குப் பத்து வீதம், அதற்கு மேலும் கிடைத்தது. பதினைந்தாயிரத்தை அப்படிப் போட்டு, வட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் ஐந்தாவது வருடம் இருபத்து நாலாயிரம் ஆகியிருக்கும். ஒரு காசை ஓரிடத்தில் போட்டால், அது வேறிடத்தில் உழைத்திருக்கக்கூடியது எல்லாம் போய்விடுகிறது. பொருளியல் ஆசிரியர் இதை ஒரு பாடவேளை முழுவதும் விளக்கினார். றோசலின் அன்ரி ஒரே வசனத்தில் சொல்லுவார்: “கிளிபோட் அண்ணை எங்கட காசிலை சாமான் வாங்கி, எங்களுக்கே விலை வைச்சு விக்கிறார்.”

ஆனால் கிளிபோட் வட்டி கொடுக்கவே முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். இதுதான் கதையின் மோசமான பகுதி. 1991 டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு அவர் ஒரு போத்தல் வைனும் ஒரு காசோலையும் கொண்டுவந்தார். முந்நூறு டொலர். காசோலையில் ‘வட்டி’ என்று எழுதியே இருந்தது. அங்கிள் போத்தலை வாங்கிக்கொண்டு காசோலையை அவருடைய சட்டைப் பையிலேயே திணித்துவிட்டார்.

“பிள்ளையின்ரை ஞானத்தகப்பனிட்டை வட்டி வாங்கினவன் எண்டு ஊரிலை கதைக்கிறதுக்கோ? வைச்சுக்கொள் மச்சான். உன்னட்டை இருந்தா பாங்கிலை இருக்கிற மாதிரி.”

அடுத்த வருடமும் கிளிபோட் கொண்டுவந்தார். அங்கிள் கோபித்துக்கொண்டார். மூன்றாம் வருடம் கிளிபோட் வைன் மட்டும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நத்தார் வாழ்த்து அட்டை தபாலில் வந்தது.

இதில் பெரும்பகுதியை அன்றைக்குக் குசினி மேசையில்தான் கேட்டேன். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. வருட முடிவில் வட்டியையும் வருமதியில் சேர்த்து எழுத வேண்டும் என்று சொன்னேன். பத்து வீதம் என்றால் நாலு வருடத்துக்கு ஆறாயிரம் என்று போட்டும் காட்டினேன். இன்னொன்றும் சொன்னேன். ஒவ்வொரு வருட முடிவிலும், தருவாரா மாட்டாரா என்று யோசிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த அளவுக்கு ஒரு தொகையை இப்போதே நட்டமாக ஒதுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். “கிளிபோட்டிலை சந்தேகமோ? உந்தப் புத்தகம் எழுதினவருக்கு மச்சான்மார் ஒருத்தரும் இல்லைப்போலை.”

இரண்டு வருடம் போனது. நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தேன். மேற்கொண்டு படிக்க ஒரு மேசையில் போய் உட்கார மனம் வரவில்லை. கோப்பிக் கடை ஒன்றில் காசாளராக வேலைக்குப் போனேன். அப்பாவின் காரை ஓட்டப் பழகிக்கொண்டேன்.

கீழ் வீட்டில் றெபேக்காவுக்கு மூச்சு இழுப்பு வரத் தொடங்கியது. பேஸ்மென்ட் ஈரம்தான் காரணம் என்று டொக்டர் சொன்னார். சுவரோரம் பூஞ்சணம் பிடித்திருந்தது. அப்பா வெள்ளை அடித்தார், அது திரும்பவும் வந்தது. நான் அப்பாவோடும் இதற்காகச் சண்டை பிடித்தேன். வாடகை வாங்குகிறோமே என்று. “எனக்கும் வங்கிக் கடன் இருக்கு, பிள்ளை” என்றார் அவர். அவ்வளவுதான்.

1996 ஒக்டோபரில் அன்ரி ஒரு வீடு கண்டுபிடித்தார். வோர்டன் வீதிக்குக் கிட்ட, வரிசை வீடுகளில் ஒன்று. விலை ஒரு லட்சத்து இருபத்தையாயிரம். விலைகள் விழுந்திருந்த காலம், வட்டியும் விழுந்திருந்தது. அங்கிள் மாதிரிச் சம்பளக்காரருக்கு அதைவிட நல்ல நேரம் வராது. முன்பணம், லோயர் செலவு எல்லாமாக இருபதாயிரம் வேண்டும். கையில் இருந்த ஐயாயிரத்தை விற்பவருக்கு அச்சாரமாகக் கொடுத்தார்கள். மீதிப் பதினைந்தாயிரம் கிளிபோட்டிடம். ஜனவரி கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வீடும் போகும், ஐயாயிரமும் போகும்.

அங்கிள் ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். போனில்தான். கேட்பதற்கு முன் குளித்துவிட்டு வந்ததாக அன்ரி சொன்னார்.

“தாறன் மச்சான், நத்தாருக்கு முந்தித் தாறன்” என்று கிளிபோட் சொன்னார். நத்தார் வந்தது. புது வருடம் பிறக்கட்டும் என்றார். பிறகு போனை அவருடைய மனைவி எடுக்கத் தொடங்கினார்.

“உங்கட பாங்க் மனேச்சர் குளிக்கிறாராம்” என்று அன்ரி போனை வைத்துவிட்டுச் சொல்லுவார். “காலமையிலை இருந்து குளிக்கிறார். எலும்பும் கரைஞ்சிருக்கும்.”

ஜனவரி இரண்டாம் வாரம் நான் அங்கிளைக் காரில் பார்க்டேலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடை பெரிதாகியிருந்தது, பக்கத்துக் கடையையும் உடைத்துச் சேர்த்திருந்தார்கள். கிளிபோட் எங்களைக் கண்டதும் எழுந்து வந்து அங்கிளைக் கட்டிப்பிடித்தார். பின் அறையில் இருத்தி, பால் தேத்தண்ணி கொடுத்தார். றெபேக்காவைப் பற்றி உண்மையாகவே கவலையோடு விசாரித்தார். பிறகு சொன்னார்.

“மச்சான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கையிலை வரேக்கை தருவன். ஆனா அந்த நோட்டு இப்ப சரிவராது. ஆறு வருஷம் தாண்டிப்போட்டுது. என்ரை லோயர் சொன்னவர்.”

“நோட்டிலை நீ சைன் வைச்சிருக்கிறாய்.”

“வைச்சனான். ஆர் இல்லையெண்டது? நீ எப்பவாவது கேட்டனியோ? நான் வட்டி கொண்டுவந்து தந்தனான், நீ என்ரை பொக்கற்றுக்குள்ளை திரும்பத் திணிச்சனி. நான் என்னண்டு நினைக்கிறது? வேண்டாமெண்டு நினைச்சன்.”

அங்கிள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். குடிக்காமல் எழும்புவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள் இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த லோயர் இளம் பெண். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைக் கண்டு கொஞ்ச நேரம் குழம்பினார். பிறகு ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன்.

இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம்தான் கெடு. நோட்டில் ஒரு திகதி குறிப்பிட்டு, அன்றைக்குத் தருவேன் என்று எழுதியிருந்தால், அந்தத் திகதியிலிருந்துதான் ஆறு வருடத்தை எண்ணுவார்கள். ஆனால் ‘கேட்டவுடன்’ என்று எழுதினால், கேட்ட நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். காசு கொடுத்து நோட்டு எழுதிய அன்றைக்கே எண்ணத் தொடங்கிவிடும். அங்கிளின் ஆறு வருடம் போன ஓகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

“கேக்காத காசுக்கு எப்பிடிப் பிள்ளை வயது போகும்?” என்று அங்கிள் என்னைக் கேட்டார். நான் அதை லோயரிடம் கேட்டேன். அவர் தோளை உயர்த்தினார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இடையில் எப்போதாவது வட்டியாக ஏதும் வாங்கினீர்களா? சின்னத் தொகை என்றாலும் பரவாயில்லை. ஒரு காசோலை வாங்கியிருந்தால், அந்த நாளிலிருந்து ஆறு வருடமும் புதிதாகத் தொடங்கியிருக்கும்.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அங்கிள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னேன். 1991 நத்தார் காசோலையை அவர் வாங்கி வங்கியில் போட்டிருந்தால், 1997 நத்தார் வரைக்கும் அந்த நோட்டு உயிரோடு இருந்திருக்கும். முந்நூறு டொலர். அதை வாங்காமல் விட்டதுதான் பதினைந்தாயிரத்தைக் கொன்றது. கணக்கியல் புத்தகம் வட்டியை ஒவ்வொரு வருடமும் எழுதச் சொல்வது பேராசையால் அல்ல என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வட்டி வருகிற கடன் உயிரோடு இருக்கிற கடன். வாங்குபவரும் கொடுப்பவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது “ஓம், இது இருக்கிறது” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழி அது.

லோயர் ஒரு வழி சொன்னார். இந்தக் கடன் இன்னும் இருக்கிறது என்று கிளிபோட் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். அதோடு கடன் மறுபடியும் உயிர் பெறும். அங்கிளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அது செய்வான்” என்றார். “காசு இல்லாமல் இருக்கலாம். பேனை இருக்கும்தானே.”

திரும்பவும் பார்க்டேல் போனோம். இந்த முறை றோசலின் அன்ரியும் வருவேன் என்று நின்றார். அங்கிள் விடவில்லை. “நீ வந்தா அவன்ரை கடைச் சாமானெல்லாம் ரோட்டிலை கிடக்கும்” என்றார்.

அங்கிள் கடைக்குள் நின்றபடியே கேட்டார். “காசு வேண்டாம். இப்ப வேண்டாம். தர இருக்கு எண்டு ஒரு வரி எழுதித் தா. வங்கிக்காரனிட்டை அதைக் காட்டி என்னவாவது செய்வன்.”

ஒரு கிழவி சம்பல் போத்தல் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு மிச்சக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் கிளிபோட் பதில் சொன்னார்.

“மச்சான், கையெழுத்து மட்டும் கேளாதை. எனக்கும் மனச்சாட்சி இருக்கு. அதை நம்பு.”

“ஆறு வருஷமா அதைத்தானே நம்பினனான்.”

கிளிபோட் பின் அறைக்குப் போய் வந்தார். ஒரு கையில் காசு, மூவாயிரம் டொலர், எல்லாம் இருபது டொலர்த் தாள்கள். மறு கையில் தட்டச்சு செய்த தாள். முன்னாலேயே தயாராக வைத்திருந்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை, இந்தக் காசு நட்பின் பேரில் தந்த உதவி என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைக்க வேண்டியவர் சூசைதாசன்.

“இது உதவி மச்சான். கடன் கணக்கிலை எடுக்காதை.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு உடனே தெரிந்தது. கடனில் ஒரு பகுதி என்று சொல்லிக் கொடுத்தால் அதுவே மீதியை உயிர்ப்பித்துவிடும். அவருடைய லோயர் நல்ல லோயர்.

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பிள்ளை, இதை எடுத்தா லாபமோ நட்டமோ? புத்தகத்திலை என்ன சொல்லுது?”

நான் யோசித்துத்தான் சொன்னேன். அந்த நோட்டின் பெறுமதி இப்போது பூச்சியம். பதினைந்தாயிரம் போய்விட்டது, அது இனித் திரும்ப வராத, அறவிட முடியாக் கடன். அதைக் கணக்கிலிருந்து வெட்டி எழுத வேண்டும். வெட்டி எழுதிய பிறகு வருகிற எந்தக் காசும் வரவுதான். பூச்சியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூவாயிரம் மூவாயிரமே.

“எடுங்கோ அங்கிள்” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். சரியான பதில் இவ்வளவு கசக்கும் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அங்கிள் மிளகாய்த்தூள் பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். காசை எண்ணவில்லை. போகும்போது, பழக்க தோசத்தில், “தாங்ஸ் மச்சான்” என்றார். கிளிபோட் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு வீடு வாங்க முடியாது.

வீடு கைவிட்டுப் போனது. வைத்த ஐயாயிரமும் போனது. அந்த வீட்டை வேறு யாரோ நாலாயிரம் கூடக் கொடுத்து வாங்கினார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு அன்ரி மேலே வந்து அம்மாவிடம், “எங்களுக்குக் கள்ளன் வரேல்லை அக்கா. நாங்கள்தான் கதவைத் திறந்து, லைட்டும் போட்டு விட்டனாங்கள்” என்றார்.

மே மாதம் றெபேக்காவுக்குக் கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. கிளிபோட் வந்தார். ஞானத்தகப்பன் இல்லாமல் எப்படி? அவளுக்கு ஒரு பவுண் சங்கிலி போட்டார், முன் வாங்கில் இருந்தார், படத்துக்கு நின்றார். மதியம் பேஸ்மென்டில் சாப்பாடு. அன்ரி அவருக்கு முதல் ஆளாகப் பரிமாறினார், நண்டுக் கறியில் பெரிய காலாகப் பார்த்துப் போட்டார். “சாப்பிடுங்கோ அண்ணை. உங்கட வீடு மாதிரி” என்றார். கிளிபோட் பாதியில் கை கழுவினார். அங்கிள் யாரையும் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். றெபேக்கா வெள்ளைச் சட்டையோடு இருமிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினாள்.

இப்போது 1998. அவர்கள் இன்னும் எங்கள் பேஸ்மென்டில்தான் இருக்கிறார்கள். அங்கிள் சனி ஞாயிறில் இரண்டாவது வேலைக்குப் போகிறார். மூவாயிரம் அன்ரியின் பெயரில் வங்கியில் இருக்கிறது, இப்போது கிடைக்கிற நாலு வீத வட்டியோடு. சலவைப் பகுதியில் அங்கிளோடு வேலை செய்யும் ஒரு பொடியன் போன மாதம் எண்ணூறு டொலர் கடன் கேட்டானாம். அங்கிள் இல்லையென்று சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அழுதார் என்று அன்ரி சொன்னார். தன்னிடம் காசு இருந்தும் ஒருவனுக்கு இல்லையென்று சொன்னது அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தக் கண்ணீருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் தெரியாமல் காசை இழந்தவர்கள் பலர் இருக்கலாம். கொடுக்கிற மனம் ஒன்று அதோடு சேர்ந்து போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள். திரும்பத் தரும் திகதியை எழுதிக் கொடுங்கள். வட்டி தந்தால், பத்து டொலர் என்றாலும், காசோலையாக வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில், மாதா படத்துக்குப் பின்னாலும் அரிசி வாளிக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு தாள் மடிந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை வைத்திருப்பவர்கள் பலர் இப்படி எதையும் வாசிப்பதில்லை, அவர்களுக்கு நேரமும் இல்லை. ஆகவே வாசித்த நீங்கள் இதை வேலையிடத்தில், பஸ்ஸில், கோயில் வாசலில் உங்கள் வாயால் சொல்லுங்கள். பெயர்களை மாற்றிச் சொன்னாலும் எனக்குக் கோபமில்லை. ஆறு வருடம் முடிவதற்குள் அவர்களின் காதில் விழுந்தால் போதும்.